மேடையில் அரசர், விடிந்தால் கூலி

– மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றுகின்றோம். இயல் வளர்த்த புலவர்களைப் பாடநூல்களில் படிக்கின்றோம். இசை வளர்த்தவர்களுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம். நாடகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைச் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே திரைப்படத்திற்குத் தாவிவிடுகின்றோம். இடைப்பட்ட காலத்தில் கொட்டகையிலும் கோயில் திடலிலும் விடிய விடியப் பாடி நடித்தவர்கள் யார்? அவர்கள் எப்படிப் பயின்றார்கள், என்ன ஊதியம் பெற்றார்கள், குரல் போன பின் என்ன ஆனார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை. நாடகக் கலையின் இலக்கணத்தை அன்று, நாடகக் கலைஞரின் பிழைப்பையே இங்குக் கூற முற்படுகின்றேன்.

சங்கரதாசர் கண்ட வழி

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடி அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இளமையில் உப்பளத்தில் கணக்கராக இருந்து, பின் நாடகத்திற்கு வந்தார். எமன், இராவணன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்களில் பெயர் பெற்றார். ஒருமுறை இவருடைய சனீசுவர வேடத்தைக் கண்டு கருவுற்றிருந்த பெண்ணொருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அன்றோடு வேடம் கட்டுவதையே விட்டு ஆசிரியப் பணிக்குத் திரும்பியதாகவும் கூறுவர்.

அக்காலத்து வயது வந்த நடிகர்கள் சொன்ன சொல் கேட்பதில்லை. குடிப்பழக்கமும் ஒழுங்கீனமும் மிகுந்திருந்தன. இதைக் கண்டு மனம் வெறுத்த சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்துவது என்று முடிவு செய்தார். 1918-ஆம் ஆண்டு மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் ஆறு வயதுச் சிறுவனாக டி. கே. சண்முகம் தம் அண்ணன்மாருடன் சேர்ந்தார். பின்னாளில் அவ்வையாராக நடித்து ‘அவ்வை’ சண்முகம் என்றே பெயர் பெற்றவர் இவர். தம் வாழ்க்கையை ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலாக எழுதி வைத்திருப்பதால், பாய்ஸ் கம்பெனிகளின் உள்வாழ்க்கை நமக்குத் தெரிய வருகின்றது.

கம்பெனி வாழ்க்கை

பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடம், விடுதி, தொழிற்சாலை ஆகிய மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்தது போன்ற ஓர் அமைப்பாகும். வறுமைப்பட்ட பெற்றோர் தம் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவர். இத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தம் ஏற்படும். உணவும் உடையும் கம்பெனியைச் சேரும். சிறு சம்பளம் பெற்றோருக்குப் போகும். கம்பெனி வீட்டில் வரிசையாகப் படுத்துறங்கி, விடியலில் எழுந்து பாட்டும் வசனமும் உருப்போட வேண்டும். தவறினால் வாத்தியாரின் பிரம்பு பேசும். இரவில் நாடகம். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் திரைச்சீலை, தட்டி, உடைப்பெட்டி யாவற்றையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பயணம்.

அன்று ஒலிபெருக்கி கிடையாது. தரை டிக்கெட்டில் அமர்ந்திருக்கும் கடைசி மனிதனின் காதிலும் பாட்டு விழ வேண்டும். ஆகவே உச்சத்தில் பாடும் குரலே சிறுவனின் மூலதனம். அம்மூலதனத்திற்கு இயற்கை ஒரு தவணை வைத்திருந்தது. பதினான்கு, பதினைந்து வயதில் ஆண்பிள்ளைக்குக் குரல் உடையும். இதை நாடகக்காரர் ‘மகரக்கட்டு’ என்பர். நேற்றுவரை ராஜபார்ட்டாக மாலை வாங்கியவன், மகரக்கட்டு வந்த மறுநாள் சேவகன் வேடத்திற்குத் தள்ளப்படுவான். அல்லது வீட்டுக்கு அனுப்பப்படுவான். படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. புதுக்கோட்டையில் 1916-இல் பிறந்த பி. யு. சின்னப்பாவும் இத்துன்பத்திற்கு ஆளானவரே. குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு விலகி, உடற்பயிற்சியிலும் சிலம்பத்திலும் மனத்தைச் செலுத்தியிருந்து, பின்னரே திரைப்படத்தில் உயர்ந்தார். அவர் உயர்ந்ததால் நாம் அறிகின்றோம். குரல் உடைந்து ஊர் திரும்பிய மற்றச் சிறுவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

கம்பெனிகளைக் குறை மட்டும் கூறுவதற்கில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் தமிழும் இசையும் ஒருங்கே கொடுத்தவை அவையே. எம். ஜி. இராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும், சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியிலும் பயின்று வந்தவர்கள் என்பதை நாடறியும். கல்விச்சாலை வாயில் அடைத்திருந்தவர்களுக்குக் கம்பெனி வாயில் திறந்திருந்தது. ஆயினும் அச்சிறுவர்கள் செலுத்திய கட்டணம் அவர்களுடைய குழந்தைப் பருவம் என்பதை மறக்கலாகாது.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்

அந்நாளைய மேடையின் முடிசூடா மன்னர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-இல் பிறந்தவர்; ஆறு வயதைத் தொடும் முன்பே மேடையேறியவர். பெரும் வித்துவான்களும் அவர் பாட்டைக் கேட்க நாடகக் கொட்டகைக்கு வந்தனர்.

கொடுமுடியில் 1908-இல் பிறந்த சுந்தராம்பாளின் இளமை வறுமையில் கழிந்தது. ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்ற சிறுமியின் குரலைக் கேட்டே நாடகத்துறையினர் அவரை மேடைக்கு அழைத்துச் சென்றனர் என்பர். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் வாடும் குழந்தையாக நடித்ததே அவருடைய தொடக்கம். பசியை நடிக்க அக்குழந்தைக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க வேண்டியதில்லை. பின்னர் இலங்கை சென்று புகழ் பெற்றார். அங்கேதான் கிட்டப்பாவைச் சந்தித்தார். இருவரும் இணைந்து நடித்த ‘வள்ளி திருமணம்’ தமிழகத்தையே கட்டியிழுத்தது. வாழ்விலும் இணைந்தனர், ஆனால் அவ்வாழ்வு நிலைக்கவில்லை. ஓயாத இரவுகளும் மதுவும் கிட்டப்பாவின் உடலை அரித்தன. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், இருபத்தேழே வயதில் அவர் மறைந்தார்.

அன்று இருபத்தைந்து வயதுப் பெண்ணாயிருந்த சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை உடுத்தார். எந்த ஆண் நடிகருடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே ஆண்வேடத்தில் நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். ரயிலில் பாடிய சிறுமி பின்னாளில் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1970-இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். ஒரு கலையில் இத்தனை உயரமும் இத்தனை பள்ளமும் இருந்தன என்பதற்கு இவ்விருவர் வாழ்வே சான்று.

மயில் மேல் பிரிந்த உயிர்

புகழ் இருந்தும் மதிப்புக் கிட்டாதவர் வரலாறும் உண்டு. சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாததாஸ் மருத்துவர் குலத்தவர். முடிதிருத்தும் தொழில் செய்த குலம் என்பதால், மேடையில் அவர் முருகனாக நிற்கும்போது கைதொழுதவர்களிலேயே, அவருடன் வள்ளியாக நடிக்க மறுத்தவர்களும் இருந்தனர். அவரோ முருகன் வேடத்திலேயே தேசியப் பாடல்களைப் பாடினார். போலீசார் கொட்டகை வாயிலில் காத்திருந்து, வேடம் கலைக்கும் முன்பே கைது செய்த நாட்களும் உண்டு. பலமுறை சிறை சென்றார். சிறையிலிருந்த நாட்களுக்கு ஊதியமேது? கடன் ஏறியது. 1940-ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு, சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனாக மயில்மீதமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. உடல்நலம் குன்றிய நிலையிலும் அன்று ஏன் மேடையேறினார் என்று கேட்பவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மேடையேறாத நாளில் அடுப்பெரியாத வாழ்க்கை அது.

ஸ்பெஷல் நாடகம்

கம்பெனிகள் குறைந்த பின் ஸ்பெஷல் நாடகம் நிலைத்தது. இதன் அமைப்பு வியப்பிற்குரியது. திருவிழாக் கமிட்டியார் ராஜபார்ட் ஒருவரை, ஸ்திரீபார்ட் ஒருவரை, பபூனை, டான்ஸ்காரியை, ஆர்மோனியக்காரரை என ஒவ்வொருவரையும் தனித்தனியே ஓர் இரவுக்கு ஒப்பந்தம் செய்வர். படத்துடன் நோட்டீஸ் அச்சாகும். மதுரையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் என மாலையில் பஸ்ஸில் வந்து இறங்குவர். ஒத்திகை கிடையாது. சில வேளை, வள்ளியும் முருகனும் முதன்முதல் சந்திப்பதே மேடையில்தான்!

இது எப்படி முடிகின்றது? சங்கரதாசர் எழுதிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’ முதலிய நாடகங்கள் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் முடிகின்றது. அடிப்படைப் பாட்டும் கதையும் பொது. நடுவே நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கம் அவரவர் திறமை. பபூன் வந்து சிரிக்க வைத்து, டான்ஸ் முடிந்து, கதை தொடங்கும்போது நள்ளிரவு ஆகிவிடும். மங்களம் பாடும்போது கிழக்கு வெளுக்கும். சங்கரதாசர் 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அவர் எழுதி வைத்த நாடகங்களைக் கொண்டு இன்றும் பல குடும்பங்கள் உண்கின்றன.

ஆனால் ஓர் இரவு ஒப்பந்தத்தின் மறுபக்கமும் உண்டு. பங்குனி முதல் ஆடி வரை ஓய்வில்லை, மழைக்காலத்தில் வேலையில்லை. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் ஊரடங்கு வந்தபோது, திருவிழாக்கள் நின்ற மாதங்களும் இவர்கள் ஆண்டு முழுவதற்கும் சம்பாதிக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்தன. அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் பறிபோயின. சம்பளப் பட்டியலில் பெயரில்லாதவர்க்கு விடுப்புச் சம்பளம் யார் தருவார்?

லண்டன் மாநகரில்

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் ‘மியூசிக் ஹால்’ என்னும் பாட்டுக் கொட்டகைகள் பெருகியிருந்தன. தொழிலாளர்கள் மாலையில் கூடிக் குடித்து, உண்டு, பாட்டும் வேடிக்கையும் காணும் இடங்கள் அவை. 1852-இல் சார்லஸ் மார்ட்டன் என்பவர் லண்டன் லாம்பெத் பகுதியில் தொடங்கிய கான்டர்பரி ஹால் இவற்றில் புகழ் பெற்றது. நடிகர்கள் ஒரே இரவில் ஒரு கொட்டகையில் பாடிவிட்டு, வண்டியேறி அடுத்த கொட்டகைக்கு ஓடுவர்.

அங்கும் குழந்தைகளே மூலதனம். நகைச்சுவை மன்னர் டான் லீனோ நான்கு வயதில் மேடையேறியவர். புகழின் உச்சியில் மனநலம் குன்றி 1904-இல் நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். நாமெல்லாம் அறிந்த சார்லி சாப்ளினின் தாயும் மியூசிக் ஹால் பாடகியே. 1894-இல் ஒருநாள் மேடையில் அத்தாயின் குரல் உடைந்து போக, ஐந்து வயது சாப்ளின் மேடைக்கு வந்து பாடி நிறைவு செய்தான். நம் சிறுவர்களின் மகரக்கட்டு இங்கே தாயின் தொண்டையைப் பற்றியது. அவருடைய மேடை வாழ்வும் அத்தோடு சரிந்தது. குடிப்பழக்கம் சாப்ளினின் தந்தையை முப்பத்தெட்டு வயதில் கொண்டுபோயிற்று. கிட்டப்பாவை இங்கே நினையாமலிருக்க முடியவில்லை.

ஆனால் ஒரு செய்தியில் லண்டன் நமக்குப் பாடம் சொல்கின்றது. கொட்டகை முதலாளிகள் கூடுதல் ஆட்டங்களுக்குக் கூடுதல் ஊதியம் தர மறுத்தபோது, 1907-ஆம் ஆண்டு கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மேரி லாயிட் என்னும் புகழ்பெற்ற பாடகிக்கு அப்போராட்டத்தால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கேட்ட தொகை அவருக்குக் கிடைத்தது. இருந்தும் அவர் சிறு நடிகர்களுடன் வாயிலில் நின்றார். தம்மைப் போன்றோர் பெரும்பணம் கேட்டுப் பெறலாம், சொற்ப ஊதியத்தில் வாடும் தோழர்களுக்காகவே தாம் நிற்பது என்பதே அவர் நிலை. வழக்கு நடுவரிடம் சென்று, ஊதியமும் வேலை நிபந்தனைகளும் வரையறை பெற்றன. 1912-இல் மன்னர் முன் நடந்த சிறப்புக் காட்சிக்கு மேரி லாயிட் அழைக்கப்படவில்லை. ஆனால் 1922 அக்டோபரில், நம் சங்கரதாசர் மறைவதற்கு ஐந்து வாரங்கள் முன்பு, அவர் இறந்தபோது லண்டன் மக்கள் பல்லாயிரக்கணக்கில் திரண்டு வழியனுப்பினர்.

நம் எல்லைப்புறத்தில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். நாம் எல்லையில் வாழ்பவர்கள். நம் செவியில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் கலந்தே விழுகின்றன. அப்பாலுள்ள கன்னட நாட்டிலும் இதே வரலாறுதான். 1884-இல் தோன்றிய குப்பி நாடகக் கம்பெனியை வளர்த்த குப்பி வீரண்ணா, குருக்ஷேத்திர நாடகத்தில் யானையையும் குதிரையையும் மேடையேற்றியவர். கன்னடத் திரையுலகின் தலைமகன் ராஜ்குமார் 1929-இல் பிறந்த காஜனூர், நம் தமிழ்நாட்டின் தாளவாடி மலைப்பகுதியில் உள்ளது. நாடக நடிகரின் மகனான அவர், பள்ளியைப் பாதியில் விட்டுத் தந்தையுடன் குப்பி கம்பெனியில் சேர்ந்தார். மொழி மாறினாலும் ஏழைப் பிள்ளை மேடைக்கு வந்த வழி மாறவில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையில் இன்றும் உயிரோடிருப்பது தெருக்கூத்து. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. உயர்ந்த கம்பத்திலேறும் அர்ச்சுனன் தபசும், மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்து நடத்தும் படுகளமும் காணச் சுற்று வட்டாரமே திரளும்.

என் பெரியப்பா துரியோதனன் வேடம் கட்டுபவர். ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல், எங்கள் பக்கத்து மானாவாரி விவசாயிகள் பலர் அங்கே வேலைக்குப் போகலாயினர். பெரியப்பாவும் ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கின்றார். திருவிழாக் காலத்தில் இரவெல்லாம் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் சுமந்து, கால் சலங்கையுடன் சுழன்றாடிவிட்டு, அரிதாரம் முழுவதும் போகாத முகத்தோடு காலை ஷிப்டு பஸ் ஏறுவார். தொழிற்சாலையில் கையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. உண்டு. கூத்தில் முழங்கால் தேய்ந்ததற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. இரண்டிடத்திலும் அவர் விற்பது உடலுழைப்பே. ஒன்றைத் தொழில் என்கின்றோம். மற்றதைப் பொழுதுபோக்கு என்கின்றோம்.

தம் மகனுக்கு அடவு சொல்லிக் கொடுக்க அவருக்கு ஆசை. ஆனால் மகன் ஐ.டி.ஐ. முடித்து நிரந்தர வேலை பெற வேண்டும் என்பதே அதனினும் பெரிய ஆசை. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கலை அழிகின்றது என்று மேடையில் வருந்துவோர் பலர். கலைஞன் பிள்ளை என்ன உண்பான் என்று கேட்போர் சிலரே. முன்னதற்கு விடை பின்னதில்தான் இருக்கின்றது.

நாம் செய்யக்கூடியது

மேற்கண்ட வரலாறுகளைச் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கிட்டப்பாவின் புகழ் அவரைக் காக்கவில்லை; விசுவநாததாசின் தியாகம் அவர் கடனை அடைக்கவில்லை; டான் லீனோவின் பெருஞ்செல்வமும் அவர் மனத்தை மீட்கவில்லை. 1907-இல் லண்டன் சிறு நடிகருக்கு நியாயம் கிடைத்தது, அவர்கள் தம்மைத் தொழிலாளர் என்று உணர்ந்து ஒன்றுகூடியதால். நம் நாட்டிலும் மதுரை முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் ஒப்பந்தத்தையும் ஊதியத்தையும் ஒழுங்கு செய்து வருகின்றன. அரசின் இயல் இசை நாடக மன்றமும், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் உள்ளன. ஆனால் வாரியத்தில் உறுப்பினராக விண்ணப்பம் எழுத வேண்டும். சான்று இணைக்க வேண்டும். நூறு பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் கூத்துக் கலைஞர் ஒரு படிவத்தின் முன் தயங்கி நிற்பதை நான் கண்டிருக்கின்றேன்.

இங்குதான் நமக்கு வேலை இருக்கின்றது. நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள் சிற்றூர்களில்தானே நடக்கின்றன? அங்குள்ள கூத்துக் கலைஞர் யார் யார் என்று கணக்கெடுக்கலாம். படிவம் நிரப்பித் தரலாம். அவர்கள் வாய்மொழியாக வைத்திருக்கும் பாட்டுகளை எழுதியும் பதிவு செய்தும் கல்லூரி நூலகத்தில் வைக்கலாம். கல்லூரி விழாவில் ஓர் இரவாவது கூத்து நடத்தலாம். நடத்தும்போது, வெறும் பொன்னாடையோடு நில்லாமல் உரிய ஊதியத்தை முன்கூட்டியே பேசித் தரலாம். வரலாற்றுத் துறையினருக்கு இதனினும் நல்ல களஆய்வு கிடைப்பது அரிது என்பதை எம் பேராசிரியப் பெருமக்களும் ஒப்புவர் என நம்புகின்றேன்.

நம்முடன் படிக்கும் நண்பர்களில் கூத்துக் கலைஞர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இருக்கின்றனர். தந்தையின் தொழில் என்ன என்னும் இடத்தில் அவர்கள் ‘கூலி’ என்றே எழுதுகின்றனர். ‘கலைஞர்’ என்று தயக்கமின்றி எழுதும் நாள் வர வேண்டும். அந்நாளை விரைவில் கொணர்வது நம் கையில் உள்ளது.